வேலியோரம் நின்ற கால்மணி நேரம்

டப்ளின், செவ்வாய்

அன்புள்ள அம்மாவுக்கு லோர்கன் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் இருமல் குறைந்ததா? நான் சுகமாக இருக்கிறேன்.

இங்கே ஒரு சின்ன விஷயம். போன சனிக்கிழமை நான் வேலை செய்யும் ஜவுளிக்கடை முதலாளியின் மகன் பூட்ஸை மறந்துவிட்டு ரக்பி ஆடப் போய்விட்டான். அதைக் கொடுக்கப் போன நான், வேலியோரம் கால்மணி நேரம் நின்று ஆட்டத்தைப் பார்த்துவிட்டேன். ‘கேலிக்’ என்னும் நம் அயர்லாந்துக் கால்பந்து ஆடுகிறவன் ரக்பி போன்ற ஆங்கிலேயர் ஆட்டத்தைப் பார்க்கவும் கூடாது என்ற சங்க விதி நினைவுக்கே வரவில்லை.

நேற்று எங்கள் கால்பந்துச் சங்கக் கூட்டத்தில் தலைவர் ஃபின்டன் எழுந்தார்.

"ஏண்டா, இங்கிலீஷ்காரன் ஆட்டம் அவ்வளவு ருசியா இருந்துச்சா?"

"பூட்ஸ் குடுக்கத்தான் போனேன், அண்ணே."

"கால்மணி நேரமா? நீயே அவன் கால்ல பூட்ஸை மாட்டி, கயிறும் கட்டிவிட்டியோ?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதன் பிறகு அவர், "ஆறு மாசம் நீ ஆடத் தடை" என்றார்.

"யார் பாத்தது?" என்று கேட்டேன். என் அறைத்தோழன் மாலக்கி கையைத் தூக்கினான்.

"நம்ம ஆளுங்க யாரு அங்க வேடிக்கை பாக்குறாங்கன்னு கண்காணிக்கச் சங்கம்தான் என்னை அனுப்புச்சுடா. மனசுல வச்சுக்காத."

இன்று காலை அவன் எனக்கும் சேர்த்துத் தேநீர் போட்டு வைத்திருந்தான். என்ன செய்வதென்று தெரியாமல் குடித்தேன்.

கம்பளிக் காலுறை இருந்தால் அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டத்தில் நான் ஆட முடியாது, அதனால் அப்பா ரயில் ஏற வேண்டாம். தேவாலய வாசலில் யாராவது கேட்டால், எனக்கு முழங்கால் உடைந்துவிட்டது என்று சொல்லச் சொல்லுங்கள். உடையவில்லை அம்மா. ஆனால் அப்படிச் சொன்னால் அப்பா ஊரார் முன் தலைகுனிய வேண்டியிருக்காது.

கடை திறக்கிறார்கள், ஓடுகிறேன்.

உங்கள் மகன்,
லோர்கன்