எட்டடி என்று சொன்ன தூண்

நவம்பர் 3

என் செல்லத் தம்பிக்கு,

நீயும் பிள்ளைகளும் நலம்தானே? இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை. போன வாரம் ஏரித் தண்ணீர் கரைத்தெருவுக்குள் வந்துவிட்டது. தையல்காரர் மிஷினைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டுப் பக்கத்திலேயே குந்தியிருந்தார். ஏரியில் நீர்மட்டம் பார்க்கும் அளவுத் தூணோ எட்டடிதான் காட்டியது. பத்தடி ஆனால்தான் மதகைத் திறக்கலாம். அதற்கும் தலைவர் கையெழுத்து வேண்டும். நம் நகராட்சியில் தும்முவதற்கே தீர்மானம் போடுவார்கள், உனக்குத் தெரியாததா? மதகைப் பார்த்துக்கொள்ளும் உன் அத்தான் யாரையும் கேட்காமல் திறந்துவிட்டார். தெரு பிழைத்தது. கீழே உருளைக்கிழங்கு வயல்கள் போய்விட்டன. அவரை சஸ்பெண்ட் செய்திருக்கிறார்கள். இருபதாம் தேதி விசாரணை.

நீ இங்கே ஓவர்சியராக இருந்தபோது சரிசெய்த தூண்தானே? அதில் கோளாறு ஏதும் இருக்குமா? ஒரு வரி எழுது.

உன் அக்கா

நவம்பர் 8

அன்புள்ள அக்கா,

படித்ததிலிருந்து மனசே சரியில்லை. அத்தானுக்கு எப்போதும் அவசரம். சோறு ஆறுவதற்குள் வாயைச் சுட்டுக்கொள்கிறவர் ஆயிற்றே! மன்னிப்புக் கேட்டுவிட்டால் தலைவர் இளகிவிடுவார்.

எனக்கு இங்கே அணைக்கட்டுப் பிரிவில் பெரிய பதவி வரப்போகிறது. பழைய வேலைகளை எல்லாம் கிளறிப் பார்க்கிறார்கள். இந்த நேரத்தில் என் பெயர் அடிபட வேண்டாம். தூணின் அடியில் யாரும் தோண்டிப் பார்க்கவில்லையே?

தம்பி

நவம்பர் 12

தம்பி,

உன் கடைசி வரியை நாலு தரம் படித்தேன். தோண்டுவதைப் பற்றி நான் எழுதவே இல்லையே.

உடனே மீன்காரர் படகில் போய்க் கம்பியால் துழாவினேன். பாசிக்குக் கீழே சிமெண்டு பீடம். இரண்டடி உயரம். தூண் அதன்மேல் ஏறி நிற்கிறது, எண்கள் மட்டும் பழையபடியே இருக்கின்றன. அது எட்டு என்றால் தண்ணீர் பத்து. நீ போனதிலிருந்து ஒன்பது வருஷமாக, தினம் காலையில், அத்தான் பார்த்துச் சொல்லச் சொல்ல அந்தப் பொய்யை என் கையாலேயே பதிவேட்டில் எழுதியிருக்கிறேன்.

நான் சொன்னால் புருஷனுக்காகப் பேசுகிறாள் என்பார்கள். தலைவருக்கு நீயே எழுது.

அக்கா

நவம்பர் 16

அக்கா,

ஆமாம். தூண் சாய்ந்ததால் பீடம் கட்டினேன். எண்களை மாற்றி எழுதுவதுதான் பாக்கி. அதற்குள் இந்த வேலைக்கு உத்தரவு வந்தது, கிளம்பிவிட்டேன். முதலில் சொல்ல வெட்கம், அப்புறம் பயம். தலைவருக்கு என்னால் எழுத முடியாது. உன் காலில் விழுகிறேன், இதைப் படித்ததும் கிழித்துவிடு.

தம்பி

நவம்பர் 21

தம்பி,

விசாரணை அன்று காலையில்தான் உன் கடிதம் வந்தது. அத்தானும் படித்தார். நான் கிழிக்கவில்லை, பையில் வைத்துக்கொண்டு போனேன்.

தூணை அளக்கச் சொன்னேன், அளந்தார்கள். "மதகைத் திறந்தது சரிதான். ஆனா நம்பரை மாத்தாம விட்டது யாரு?" என்று தலைவர் கேட்டார். நான் பைக்குள் கைவிட்டேன். அதற்குள் அத்தான் எழுந்து, "ஓவர்சியர் பெயிண்ட் டப்பாவை எங்கிட்டதான் குடுத்துட்டுப் போனாரு. நான்தான் மறந்துட்டேன்" என்றார்.

வேலை போய்விட்டது. வெளியே வந்து ஏன் இப்படி என்று கேட்டேன். "அவன் உன் தம்பி" என்றார். அங்கே நானும் வாயைத் திறக்கவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

இன்று காலை எண்களை நானே மாற்றி எழுதினேன். உன் கடிதத்தை இத்துடன் அனுப்புகிறேன். நீயே கிழித்துக்கொள்.

பதவி கிடைத்ததா என்று அத்தான் கேட்கச் சொன்னார். அவருக்கு எழுது. எனக்கு வேண்டாம்.