மாப்பிள்ளை கையில் என் வாட்ச்

ஆவணி, ஞாயிற்றுக்கிழமை இரவு, 1983

இன்று ஆரணியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். கண்ணாடி அலமாரியில் நான் சேர்த்து வைத்திருக்கும் பழைய சுவிஸ் வாட்ச்சுகளைப் பையனின் அம்மா பார்த்துவிட்டார். "மாப்பிள்ளைக்கு வாட்ச்கூட இப்பவே வாங்கி வெச்சிட்டீங்களா!" என்றார். பெண் வீட்டார்தானே மாப்பிள்ளைக்கு வாட்ச் போடுவது? ஒரு பெண் தனக்காக ஆண்கள் வாட்ச் சேர்ப்பாள் என்று அவருக்கு எப்படித் தோன்றும்?

அப்பாவாவது சொல்லியிருக்கலாம். சிரித்துக்கொண்டே, இருப்பதிலேயே நல்லதை எடுத்துப் பையனுக்குக் கட்டிவிட்டார். பையனின் கை பருமனாக இருக்கவே, கோணி ஊசியால் பட்டையில் புதுத் துளை வேறு போட்டார். ஆசிரமத்துக்கு வந்து செங்கம் ரோட்டில் தங்கியிருந்த வெள்ளைக்காரரிடம் மாதக்கணக்கில் கேட்டு, என் சம்பளத்தில் வாங்கிய வாட்ச் அது.

அவர்கள் செருப்பு மாட்டும்போது வாசலுக்கே போய்விட்டேன்.

"அது என்னோட வாட்ச்சுங்க. கழட்டிக் குடுத்துட்டுப் போங்க."

அம்மா என் கையைக் கிள்ளினாள். "உன்னைக் கட்டிக்கப் போறவர்தானேடி, அவர்கிட்ட இருந்தா என்ன?"

"அவருக்கு வேணும்னா புதுசு வாங்கித் தரேன். இது என்னுது."

பையன் கழற்றிக் கொடுத்தார். "பொண்ணுக்குத் திமிரு ஜாஸ்தி" என்று சொல்லிக்கொண்டே அவர் அம்மா படியிறங்கினார்.

அப்பா சாப்பிடவில்லை. நாளை அத்தையை ஆரணிக்கு அனுப்பி மன்னிப்புக் கேட்கப் போகிறாராம். கேட்கட்டும். அலமாரிக்கு ஒரு பூட்டு வாங்க வேண்டும்.

பட்டையில் அப்பா போட்ட துளை இனி மறையாது. அதைத் தாண்டி, என் பழைய துளையிலேயே மாட்டிக்கொண்டு சாவி கொடுத்தேன். ஓடுகிறது.