ஈட்டி மரத்தில் ஒரு கைத்தடி

மைசூர், அக்ரஹாரம்
24-8-1937, செவ்வாய்க்கிழமை

அகத்துக்காரருக்கு அன்னபூர்ணி அநேக நமஸ்காரம் செய்து எழுதுவது. இங்கே நானும் குழந்தை மீனாக்ஷியும் சௌக்கியம். உங்கள் வலது முழங்கால் சௌக்கியமா என்று மட்டும் எழுதுங்கள். மற்றதெல்லாம் எனக்குத் தெரியும்.

சாமராஜநகர் ஸ்டேஷனுக்கு உங்களை மாற்றியதிலிருந்து சனிக்கிழமை தவறாமல் வருகிறீர்கள். வீட்டுக்காரருக்கு உன் மேல் எத்தனை ஆசை என்று எதிர்வீட்டு நஞ்சம்மா என்னை மெச்சுகிறாள். ரயிலை விட்டு இறங்கினதும் நேரே ஃபுட்பால் மைதானத்துக்குப் போகிறீர்கள் என்று நான் சொல்லவில்லை, மானம் போகும். போன வாரம் வீடு வந்தது விளக்கு வைத்த பிறகு. அதுவும் இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு. இந்த வருஷத்துப் புளியில் பாதி குழம்புக்கு ஆகவில்லை. உப்பும் புளியும் காய்ச்சி உங்கள் முழங்காலுக்குப் பற்றுப் போட்டே தீர்ந்தது. இனிமேல் ஒரு கொட்டைப் புளி தரமாட்டேன், சொல்லிவிட்டேன்.

இது இன்று நேற்று வந்த பைத்தியமா? நம் கல்யாணத்தில் மூன்றாம் நாள் நலங்குக்கு நான் ஒருத்தியாக மணையில் உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளையைக் காணோம் என்று அப்பா நாலு திசைக்கும் ஆள் விட்டார். நீங்கள் கையில் கங்கணத்தோடு மைதானத்தில் நின்றுகொண்டிருந்தீர்கள். ஃபுல்பேக் நீங்கள் இல்லாவிட்டால் உங்கள் ஃப்ரெண்ட்ஸ் யூனியன் கிளப் தோற்றுவிடுமாம். நீங்கள் போயும் தோற்றது, அது வேறு விஷயம்.

பெரிய கிளப்புக்காரர்கள் இரண்டு தரம் வீடு தேடி வந்து கூப்பிட்டார்கள். இந்தத் தோற்கிற கிளப்பை விட்டுப் போக உங்களுக்கு மனம் வரவில்லை. ஹாசனில் ஹெட் குமாஸ்தா வேலை வந்தது. சனிக்கிழமை ஆட்டத்துக்கு வந்து சேரத் தோதான ரயில் இல்லை என்று அதையும் வேண்டாம் என்றீர்கள். தோல் பந்தை வாசலோடு நிறுத்துங்கள் என்றேன். எலி கடிக்கும் என்று சமையலறை உறியில் தயிர்ச் சட்டிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டீர்கள். மடியும் ஆசாரமும் அன்றே போயிற்று. இதற்கு மேல் சேறும் சகதியுமான உங்கள் பனியனையும் நிக்கரையும் துவைத்து, சனிக்கிழமைதோறும் மீனாக்ஷி கையில் மைதானத்துக்குக் கொடுத்தனுப்புகிறேனே, என்னைச் சொல்லவேண்டும்.

உங்களுக்கு நாற்பத்திரண்டு வயதாகிறது. பூட்ஸ் போட்ட பட்டாளத்துப் பையன்கள் உங்கள் வெறுங்காலை மிதித்துத் துவைக்கிறார்கள். போதும். அந்த வீங்கின காலையே பிடித்துக் கேட்கிறேன், இந்த வாரத்தோடு விட்டுவிடுங்கள்.

இதுவரை எழுதியபோது வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். உங்கள் கிளப் காரியதரிசி ரத்தினசாமி. அவர் போன பிறகு மறுபடி பேனாவை எடுத்திருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வருகிற சனிக்கிழமையோடு நீங்கள் கிளப்பில் சேர்ந்து இருபது வருஷமாகிறதாம். உங்களுக்குத் தெரியாமல் பாராட்டு விழா ஏற்பாடு செய்திருக்கிறார்களாம். மாலை, ஜரிகைப் பேட்டா தலைப்பாகை, ஃபோட்டோ எல்லாம் உண்டாம். எனக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. காப்பி கொடுத்தேன், இரண்டாவது டம்ளரும் கொடுத்தேன். பரிசு என்ன என்று மீனாக்ஷி கேட்டாள். ஈட்டி மரத்தில் தந்தப் பிடி போட்ட கைத்தடியாம். மரம் தயாராம், நீளத்துக்குத்தான் அளவு வேண்டுமாம். தரையிலிருந்து அவர் கை வரைக்கும் ஒரு அளவு கயிறு கொடுங்கள் என்றார்.

கைத்தடி எதற்கு என்று எனக்கு முதலில் உறைக்கவில்லை. அப்புறம் மெல்ல வந்தது விஷயம். அம்மா, அன்னிக்கு அவர் ஆடவேண்டாம், கோட்டு போட்டுக்கிட்டு நாற்காலியில உட்காரட்டும், அவர் இடத்துல என் மச்சினன் ஆடுவான், நீங்க துணியைக் கொடுத்தனுப்பாதீங்க, இனிமே போதும்னு ஸ்வல்பம் நீங்களே பக்குவமா சொல்லிடுங்க, எங்களுக்கு வாய் வரலை என்றார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆடாதீர்கள் என்று நான் சொல்லலாம். பற்றுப் போட்டவள் நான், நலங்கில் தனியாக உட்கார்ந்தவள் நான். இவர் யார் சொல்ல? மழையிலும் சேற்றிலும் இவர்களுக்காக நின்ற மனுஷரிடம் முகத்துக்கு நேரே சொல்லத் தைரியமில்லை. கையில் ஒரு தடியைக் கொடுத்து உட்காரவைக்கப் பார்க்கிறார்கள். நீங்கள் கிழவரா?

ஆனாலும் சரி சரி என்று தலையாட்டினேன். உள்ளே போய், தரையிலிருந்து தலைக்கு மேலே கட்டின துணிக்கொடிக்கு எட்டும் அளவுக்கு ஒரு கயிறு வெட்டி, சுருட்டிக் கொடுத்தேன். அவரும் பையில் போட்டுக்கொண்டு போனார். அந்த அளவுக்குச் செய்தால் ஊன்றி நடக்க உதவாது. மடித் துணி உலர்த்த எனக்கு ஒரு தடி வேண்டித்தான் இருந்தது, தந்தப் பிடியோடு இருந்தால் என்ன குறைச்சல்?

இனி நீங்கள் செய்யவேண்டியதைக் கேளுங்கள். உங்கள் பனியனையும் நிக்கரையும் இந்தக் கடிதத்தோடு மூட்டையாகக் கட்டி, நாளைக் காலை வண்டி கார்டிடம் கொடுத்தனுப்புகிறேன். சனிக்கிழமை அங்கேயே உள்ளே போட்டுக்கொண்டு, மேலே வேஷ்டி கட்டிக்கொண்டு ரயில் ஏறுங்கள். மாலை போட்டால் வாங்கிக்கொள்ளுங்கள், நாற்காலியில் மட்டும் உட்காராதீர்கள். உங்கள் இடத்தில் போய் நில்லுங்கள். யார் வந்து நகரச் சொல்கிறார்கள், பார்ப்போம். விடுவதென்றால் ஆடிமுடித்து நீங்களாக விடுங்கள்.

நானும் நஞ்சம்மாவும் ஜட்காவில் வந்து ஓரமாக நிறுத்திக்கொண்டு பார்ப்போம். இத்தனை வருஷத்தில் நீங்கள் ஆடி நான் ஒரு தரம்கூடப் பார்த்ததில்லை. என்னைத் தேடுகிறேன் என்று பந்தைக் கோட்டைவிட்டு வைக்காதீர்கள்.

சாமுண்டீசுவரி துணை இருப்பாள். மேலே புளியைப் பற்றி எழுதியதை மட்டும் மறந்துவிடுங்கள். நஞ்சம்மாவிடம் புதுப் புளி வாங்கி வைத்திருக்கிறேன். கால் வீங்கினால் வீங்கட்டும், ஆடிவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
அன்னபூர்ணி