பரிசத் தட்டில் ஒரு புள்ளி வெற்றிலை

இன்று பிரிக்ஃபீல்ட்ஸ் பூக்கடையில் வெற்றிலை வாங்கினேன். கடைக்காரப் பெண் கட்டைப் பிரித்து, கரும்புள்ளி விழுந்த ஒன்றை உருவிக் கீழே போட்டாள். "இது வேணாம் ஆன்டி, சீக்கு வந்தது." எனக்கு முகம் சுட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டுப் பேசாமல் வந்துவிட்டேன்.

என் தங்கைக்கு, உங்கள் மச்சினிக்கு, கிள்ளானில் பரிசம் போட்ட அன்று நீங்கள் அப்படிப் பேசாமல் இருக்கவில்லை. தட்டு மாற்றும்போது மாப்பிள்ளையின் அம்மா நம் தட்டிலிருந்து ஒரு வெற்றிலையைத் தூக்கிக் காட்டி, "நோய் புடிச்சதையா வைப்பாங்க?" என்றார். என் அம்மா அவசரமாக வேறு வெற்றிலையைத் தேடினார். செடிநோய் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த உங்களுக்கோ முகமெல்லாம் சிரிப்பு.

"இது ஜெயிச்ச இலைம்மா. கிருமி உள்ள வந்ததும் ஒரு புரதம் கண்டுபிடிச்சிடும். அது பக்கத்துப் புரதத்த உசுப்பிவிடும், அது அடுத்தத உசுப்பும். சேதி போய்ச் சேர்ந்ததும், கிருமி இருக்கிற இடத்த மட்டும் செடியே சாகடிச்சிடும். அதான் இந்தப் புள்ளி. அதுக்கு மேல நோய் நகராது. மத்த இலைங்களுக்கும்..."

"செடி டெலிபோன் பேசுதா லா?" என்றார் யாரோ. கூடமே சிரித்தது. மாப்பிள்ளையின் அம்மாவும் சிரித்துவிட்டார். பரிசம் தப்பித்தது. எனக்குத்தான் உடம்பு கூசியது. எல்லார் முன்னாலும், "கொஞ்சம் வாய மூடுறீங்களா? மானம் போகுது" என்றேன். நீங்கள் இலையைத் தட்டில் வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டீர்கள்.

அதன்பிறகு யார் என்ன வேலை என்று கேட்டாலும் "கவர்மெண்ட் வேலை" என்பதோடு நிறுத்திக்கொண்டீர்கள். வீட்டில் பேப்பரும் காப்பியும்தான் உங்களுக்குத் துணை. அன்று நான் சொன்னதையே மறந்து, இது உங்கள் பிறவிக் குணம் என்றே நினைத்தேன். "என் வீட்டுக்காரர் வாயில்லாப் பூச்சி" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். எவ்வளவு லட்சணமான மனைவி, பாருங்கள்.

உங்கள் காரியத்தன்று, உங்களோடு வேலை செய்த ஒரு பெண் வந்திருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அங்கிள் இல்லாம கண்டீன்ல சத்தமே இல்ல ஆன்டி. எங்கள சாப்பிட விடமாட்டாரு லா. எந்தப் புரதம் எதுகிட்ட சேதி சொல்லுதுன்னு பேசிக்கிட்டே இருப்பாரு, சோறு ஆறிப் போயிடும். வீட்லயும் அப்படித்தானே?"

"ஆமாம்மா, வீட்லயும் அப்படித்தான்" என்றேன். அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

இன்றைக்கும் யாராவது உங்களைப் பற்றி விசாரித்தால், நன்றாகப் பேசுவார் என்றே சொல்கிறேன். என்ன பேசுவார் என்று மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது.