கழுதைக் கொட்டகைப் பலகையில் ஒரு பந்தயக் கார்

மக்னியா,
வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு.

அன்புத் தங்கை ரஹ்மூனாவுக்கு உன் அண்ணன் பூஸியான் எழுதுவது. உன்மீதும் உன் வீட்டார்மீதும் இறைவனின் சாந்தி உண்டாகட்டும். நானும் மன்சூரியாவும் நலம். என் நலத்தைப் பற்றி உன் அண்ணியிடம் கேட்டால் வேறு மாதிரி சொல்வாள். அவளைக் கேட்காதே.

இந்தக் கடிதம் ஹாஜ்ஜா ஸுலைகாவின் கைப்பையில் வருகிறது. ஞாயிறன்று ஓரானில் விமானம் ஏறி, துனிஸில் இறங்கி, அங்கிருந்து காஸாபிளாங்கா போய், பிறகு ரயிலில் நாள் முழுக்கக் குலுங்கி உன் வஜ்தாவுக்கு வந்து சேருவாள். என் வாசலில் இருந்து உன் வாசலுக்கு முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. அல்ஜீரியாவுக்கும் மொராக்கோவுக்கும் நடுவில் எல்லையை மூடி முப்பது வருடமாகிறது. ஒரு காகிதம்கூட மூன்று நாடு சுற்றித்தான் வரவேண்டியிருக்கிறது. எனக்குப் பொறாமையாக இருக்கிறது. இந்தக் காகிதம் பார்க்கப் போகிற ஊர்களை நான் பார்த்ததில்லை.

உன் கடிதம் கிடைத்துப் பதினாறு நாளாகிறது. வரும் வியாழக்கிழமை உன் நெஞ்சைத் திறந்து வால்வை மாற்றப்போகிறார்கள் என்றும், மயக்க மருந்து கொடுக்கும் முன் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். “அம்மாவுக்கு எம்மேல என்னண்ணே கோவம்? நீ அத்தன தடவ வந்துட்டுப் போன, அவ ஒரு தடவகூட ஏன் வரல?” இதுதான் கேள்வி. பதில் இந்தக் கடிதத்தில் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் நான் ஒரு கார் செய்த கதையைச் சொல்லவேண்டும். நழுவப் பார்க்கிறான் என்று நினைப்பாய். பாதி சரி. மீதிப் பாதி, காரைச் சொல்லாமல் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. தொலைபேசியில் சொல்லலாமே என்றால், நடுவில் ஒரு வேடிக்கைப் பேச்சைப் போட்டு ஓடிவிடுவேன். இத்தனை வருடமாக அப்படித்தானே ஓடிக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமைதோறும் கூஸ்கூஸ் சாப்பிட்டானதும் உன் மகள் சிஹாமோடு கணினியில் கார்ப்பந்தயம் ஓட்டுகிறேன் என்பது உனக்குத் தெரியும். நான் ஜெயித்ததே இல்லை என்பதும் தெரியும், அவள் சொல்லாமல் இருப்பாளா. அந்த விளையாட்டில் மஞ்சள் கொடி காட்டினால் வேகத்தைக் குறைக்க வேண்டுமாம். எல்லை தாண்டிப் பெட்ரோல் கடத்திய காலத்தில் யாராவது கொடி காட்டினால் என் கால் போய் அழுத்தியது வேறு பெடலை. “மாமா, பிரேக்கப் புடி மாமா!” என்று அவள் காதுக்குள் கத்துவாள். “பிரேக்கா? அது எங்க இருக்கு?” என்பேன். இன்னொன்று, அந்தப் பாதைகள் எல்லாமே வட்டம். ஒரு மணி நேரம் பறந்து பறந்து ஓட்டிவிட்டுப் பார்த்தால், கிளம்பின இடத்திலேயே நிற்கிறேன். அதற்கு இந்த ஊரே போதுமே.

இப்போது ஒரு ரகசியம். நான் பந்தயத்துக்காக உட்காருவதில்லை. சிஹாமின் மைக் வழியாக உன் சமையலறை கேட்கிறது. நீ கரண்டியைப் பாத்திர விளிம்பில் தட்டுவது, குழாயைச் சரியாக மூடாமல் விடுவது, “அந்தக் கெழவன்கிட்ட கேளு, சாப்பிட்டானான்னு” என்று நீ சொல்வது, எல்லாம் கேட்கிறது. அதனால்தான் வளைவுகளில் சுற்றிச் சுற்றித் தோற்கிறேன். பாதையைப் பார்த்து ஓட்டினால் கரண்டி கேட்காது.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துதான் ஓட்டிக்கொண்டிருந்தேன். பிரேக்கை மிதித்தால் கார் நிற்காது, நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் முட்டும். உன் கடிதம் வந்த மறுநாள், உட்கார்ந்து பதில் எழுதுவதற்குப் பதிலாக, மரத்தில் ஒரு முழு ஓட்டுநர் இருக்கையே செய்துவிடுவது என்று முடிவெடுத்தேன். பதில் எழுதாமல் இருக்க ஒரு மனிதன் எவ்வளவு உழைப்பான் என்பதை வந்து பார்த்தால்தான் நம்புவாய்.

பலகைக்கு எங்கே போவது? கழுதைக் கொட்டகையைப் பிரித்தேன். எல்லையில் அகழி வெட்டி என் காரை நிறுத்திய பிறகு, ஒரு வருடம் கழுதை வைத்துப் பெட்ரோல் அனுப்பினேனே, அந்தக் கொட்டகை. அந்தக் கழுதை தனியாகவே போய்விட்டுத் தனியாகவே திரும்பும். ஆள் தேவையில்லை. நம் குடும்பத்தில் கடைசியாக எல்லை தாண்டியது அதுதான். பலகைகளைக் கழுவிக் காயவைத்தும் வாசனை போகவில்லை. மன்சூரியா வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, “கழுதைய வித்தாச்சுன்னு நிம்மதியா இருந்தேன். பெருசு வீட்லயேதான் இருந்திருக்கு” என்றாள்.

தச்சன் கௌத்தி வந்து பார்த்தான். நான் சாணும் முழமும் வைத்து அளந்திருந்தேன். இருக்கை உயரமாக இருந்தது. தூரத்தில் பட்டாளத்து ஜீப் வருகிறதா என்று எட்டிப் பார்த்து ஓட்டியவன் வேறு எப்படிச் செய்வான்? “இது பந்தயக் காரா, பள்ளிவாசல் மிம்பரா? ஏறி நின்னு பிரசங்கம் பண்ணப்போறியா?” என்றான் கௌத்தி. இறக்கினோம். பெடல் பலகையைச் சாய்த்து ஆணி அடித்தோம். முதல் மிதியிலேயே பலகை பிடுங்கிக்கொண்டு, எதிர்ச்சுவரில் மோதித் தெறித்து, கதவைத் தாண்டிச் சமையலறைக்குப் போனது. பிறகு முன்பக்கச் சட்டத்தை மொத்தமாகத் தரைக்குள் துளையிட்டு இறுக்கினேன். ஆம், அம்மாவின் அறைத் தரையில்தான், அந்தப் பூப்போட்ட ஓட்டில். மன்சூரியா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்த இரண்டு நாளில் வேலை நன்றாக நடந்தது. பிரேக்குக்கு அடியில் பழைய வண்டியின் அதிர்ச்சித் தாங்கி ரப்பரை வைத்தேன். மிதித்தால் அப்படியே நிஜம். ஸ்டீயரிங் ஆடாமல் இருக்கக் குறுக்கே ஒரு கட்டை கொடுத்துத் தந்தான் கௌத்தி. என் பழைய ரெனோ காரின் ஓட்டுநர் இருக்கையை உள்ளே பொருத்தினேன். அவன் பசையைக் கொடுத்து, “ஒட்டிட்டா யாராலயும் பிரிக்க முடியாது, யோசிச்சு ஒட்டு” என்று சொல்லிவிட்டுத் திலிம்ஸானில் இருக்கும் மருமகன் வீட்டுக்குப் போனான்.

இன்று காலை பின்பகுதியை மாட்டவேண்டியது மட்டும் பாக்கி. தூசி வீடெல்லாம் பறக்கிறது, கதவைச் சாத்திக்கொண்டு செய் என்று மன்சூரியா கத்தினாள். ஆணிப்பெட்டி, ரம்பம், சுத்தியல் எல்லாவற்றையும் அவளே கூடத்துக்கு எடுத்துப் போனாள். தேவையான திருகாணிகளையும் ஒரு ஸ்க்ரூடிரைவரையும் மட்டும் வைத்துக்கொண்டேன். கதவைச் சாத்தி, பின்சட்டத்தைப் பொருத்தி, பசை தடவி, இறுக்கினேன். கடைசித் திருகாணியை முடித்ததும் ஸ்க்ரூடிரைவரை ஜன்னல் கம்பி வழியாக அவளிடமே நீட்டினேன். நான் சுத்தமான ஆள் என்று காட்டிக்கொள்ள ஆசை. பிறகு வெளியே போகலாம் என்று கதவை இழுத்தேன். வரவில்லை.

கதவு உள்பக்கமாகத் திறப்பது. என் காரின் வால் அதில் முட்டி நிற்கிறது. முன்பக்கம் தரையோடு இறுகியிருக்கிறது, பின்பக்கம் பசையால் இறுகியிருக்கிறது. ஜன்னலில் இரும்புக் கம்பி, நானே நட்டது. மன்சூரியா ஜன்னலுக்கு வெளியே நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ரெண்டு நாட்டுப் பட்டாளமும் இருபது வருஷமாத் தேடிச்சு. ஒருத்தனுக்கும் சிக்காத ஆளு, கழுதக் கொட்டாப் பலகைல சிக்கிட்டான்!” என்றாள். பிறகு பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவள் தன் நாத்தனாரைக் கூப்பிட்டாள். வெள்ளிக்கிழமை என்பதால் எல்லோருக்கும் ஓய்வு.

கூட்டம் கலைந்ததும் ஸ்க்ரூடிரைவரைக் கேட்டேன். தரவில்லை. கம்பி இடுக்கில் ஒரு கிண்ணம் கூஸ்கூஸ் வந்தது. மோர் வந்தது. பிறகு இந்தக் காகிதமும் பேனாவும் வந்தன. உன் அண்ணி இப்போது சிரிக்கவில்லை. “பதினாறு நாளா அந்தப் பொண்ணு கேட்டதுக்குப் பதில் எழுதல நீ. இத எழுதிக் குடு, படிச்சுப் பாத்துட்டு ஸ்க்ரூடிரைவர் தரேன். பொய் எழுதினா ராத்திரிச் சாப்பாடும் இந்தக் கம்பி வழியாத்தான்” என்றாள். அவளும் அன்று முற்றத்தில் இருந்தவள்தான், ரஹ்மூனா. அவளிடம் பொய் செல்லாது.

ஆக, அம்மாவின் அறையில், நானே கட்டின காருக்குள், நானே பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கணினித் திரை அணைந்திருக்கிறது. பார்க்க வேறு எதுவும் இல்லாததால் திரும்பிப் பின்னால் பார்த்தேன். பந்தயக் காருக்கு இருக்கைக்குப் பின்னால் ஒரு சாண்கூட வேண்டாம். நான் ஏன் இவ்வளவு நீளமாக வால் கட்டினேன்? யோசித்தே கட்டவில்லை, கை கட்டியிருக்கிறது. எண்ணிப் பார்த்தேன். நீளவாட்டில் ஏழு, குறுக்கே இரண்டு, அடுக்கு இரண்டு. இருபத்தெட்டு பெட்ரோல் கேன் அடுக்கும் இடம். என் பழைய ‘சண்டைக்காரி’யின் அளவு, விரற்கடை பிசகவில்லை. கடத்தல் கார்களை நாங்கள் அப்படித்தானே அழைத்தோம். எண் பலகை கிடையாது, விளக்குக் கிடையாது, ஓட்டுபவனுக்கு ஒன்றைத் தவிர வேறு இருக்கை கிடையாது. எல்லாவற்றையும் பிடுங்கியெறிந்துவிட்டுக் கேன் அடுக்குவோம்.

இனி வேடிக்கை இல்லை.

அகழி வெட்டியதற்கு முந்திய குளிர்காலம், ஒலிவக் காய் பறித்து முடித்த வாரம். விடியும் நேரம். நான் கேன்களை அடுக்கி முடித்து வண்டியைக் கிளப்பும்போது அம்மா முற்றத்துக்கு வந்தாள். வெள்ளை ஹாயிக்கைப் போர்த்தியிருந்தாள், கல்யாணத்துக்குப் போவதுபோல. கையில் ஒரு மூட்டை. “பூஸியான், இன்னைக்கு நானும் வரேன்டா. ரஹ்மூனாவப் பாக்கணும்” என்றாள்.

“எங்கம்மா உக்காருவ? ஸீட்டே இல்லையே” என்றேன்.

“கேன் மேல உக்காந்துக்கறேன்.”

“ஒரு குலுக்கல்ல பல்லு போயிடும்மா.”

“இருக்கறது நாலு பல்லு. போனாப் போவுது. இல்லன்னா ரெண்டு கேன எறக்கி வையேன், நான் என்ன கனமா?”

நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். மறுநாளும் ஹாயிக்கோடு வந்து நின்றாள். அதற்கு மறுநாளும். நான்காம் நாள் வரவில்லை. மூட்டையை மட்டும் மன்சூரியாவிடம் கொடுத்து வண்டியில் வைக்கச் சொல்லியிருந்தாள். உலர்ந்த அத்திப்பழமும், சிஹாமுக்குப் பின்னிய கம்பளிக் காலுறையும். ஒரு கேன் கசிந்து எல்லாம் பெட்ரோலில் ஊறிப்போனது. உன் ஊருக்கு வெளியே ஒரு வேலியோரம் கொட்டிவிட்டு வந்தேன். அன்று உன் வீட்டுக்கு வந்தேன், ஞாபகம் இருக்கிறதா? உன் கணவர் வாத்தியார், நான் வந்தால் நாற்றம் தாங்காமல் ஜன்னலைத் திறப்பார், பாவம், ஒரு வார்த்தை சொன்னதில்லை. நீ கேட்டாய், “அம்மா வரலியாண்ணே?” நான் சொன்னேன், “அவளுக்கு வர மனசில்ல.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். பாறை வழி, வயதானவள், துப்பாக்கிச் சத்தம் என்று காரணம் சொல்லலாம். பொய்யில்லை. ஆனால் அவள் கேட்டது இரண்டு கேன். இருபத்தெட்டில் இரண்டு. எனக்கு இறக்க மனம் வரவில்லை. அதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வெட்கம். அதனால் பழியை அவள்மேல் போட்டேன். ஊர் மாறிக் கல்யாணம் கட்டிக்கொண்டதற்காக அம்மா உன்னை மன்னிக்கவில்லை என்று நீ இத்தனை வருடம் நம்பியது என் அந்த ஒரு வாக்கியத்தால்தான். அவளுக்கு உன்மேல் கோபமே இல்லை. அடுத்து வந்த வசந்தத்தில் நோயில் படுத்தபோது கடைசி வாரம் முழுக்க ஹாயிக்கைக் கழற்ற விடவில்லை. “வண்டி கெளம்புற சத்தம் கேக்குதா பாரு” என்று மன்சூரியாவிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் அன்றும் வண்டியில்தான் இருந்தேன். நீ அடக்கத்துக்கு வரமுடியாமல் போனதற்கு எல்லையைத் திட்டலாம். அவள் உன்னைப் பார்க்காமல் போனதற்கு எல்லை காரணமில்லை. அந்த வழியில் வாரம் நாலு தடவை போனவன் உன் அண்ணன்.

மன்சூரியா இவ்வளவையும் ஜன்னலில் வாங்கிப் படித்துவிட்டாள். காகிதத்தைத் திருப்பிக் கொடுத்து, ஸ்க்ரூடிரைவரையும் விளிம்பில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எடுக்கக் கை போகவில்லை. பசை எப்படியும் பிரியாது, கதவுக் கீலைத்தான் கழற்றவேண்டும். அதற்கு அவசரமில்லை.

தங்கையே, உன் பிள்ளைகளுக்காகவும், கரண்டி தட்டும் அந்தக் கைக்காகவும் வியாழன் காலையிலிருந்து நானும் மன்சூரியாவும் துவாவில் இருப்போம். மருத்துவர்களின் கையை இறைவன் நேராக வைக்கட்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். இதைப் படித்ததும் என்னை மன்னித்துவிட்டதாகச் சொல்லி அனுப்பாதே. மன்னித்துவிட்டால் உனக்கு என்னோடு வேலை முடிந்துபோகும், நிம்மதியாகக் கண்ணை மூடிவிடுவாய். எனக்கு அது பயமாக இருக்கிறது. கோபத்தோடு போய்ப் படு. திட்டவேண்டியது அத்தனையும் நெஞ்சில் அப்படியே இருக்கட்டும், வால்வோடு சேர்த்துத் தைத்துவிடட்டும். எழுந்து நடக்க ஆரம்பித்ததும் பீன் லஜ்ராஃப் ஓடைக்கரைக்கு வா. அங்கே உங்கள் பக்கத்துச் சாலையிலும் எங்கள் பக்கத்துச் சாலையிலும் ஜனங்கள் நின்று ஒருவருக்கொருவர் கையாட்டிக் கத்துவார்களே, அங்கே வந்து நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி என்னைத் திட்டு. நான் இந்தக் கரையில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்பேன். நீ முடிக்கும்வரை நகரமாட்டேன். வந்துவிடு, ரஹ்மூனா.

உன் அண்ணன்,
பூஸியான்