பீரோவில் இருந்த போன்

சிட்லபாக்கம்
9 ஜூன் 2025

அன்புள்ள அக்கா விஷ்ணுப்ரியா அவர்களின் சமூகத்திற்கு,

சிட்லபாக்கம் ஏரிக்கரை வாழ் பொதுமக்களின் மேலான கவனத்திற்கு. நேற்று மாலை ஐந்து நாற்பது மணியளவில், மேற்படி ஊர் தோத்தாத்ரி மகன் ஸ்ரீவத்சன், வயது பதினாறு, என்பவருக்கு மீசை வந்திருப்பது கண்டறியப்பட்டது. இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் ஐந்து, ஆக மொத்தம் பதினொரு முடி. இதை முன்னிட்டுப் பள்ளிக்கு விடுமுறை கோரி விடுத்த மனு நிராகரிக்கப்பட்டது. அம்மா அதை அழுக்கு என்று நினைத்து ஈரத் துண்டோடு துரத்தினாள். தப்பித்தேன்.

பொது அறிவிப்பு முடிந்தது. இனி குடும்பச் செய்தி.

'நான் ஹெச்.ஆர். பேசறேன்' என்று சொன்னவனிடம் அம்மா உன் புது நம்பரைப் பெருமையாகக் கொடுத்தாளே, அன்று முதல் இந்த வீட்டில் எந்த போனுக்கும் மரியாதை இல்லை. நீ ஒளிந்திருக்கும் சித்தி வீட்டுக்குப் பேசுவதைக்கூட அப்பா ஆபீஸ் போனில் வைத்துக்கொள்கிறார். உன் மூன்றாவது நம்பர் எங்கள் யாருக்கும் தெரியாது. அதனால்தான் பதினொரு முடிச் செய்தி தபால் தலை ஒட்டிக்கொண்டு பாளையங்கோட்டை வருகிறது. போஸ்ட் ஆபீஸ் மேடம் "இந்தக் காலத்துல லெட்டரா? யாருப்பா பொண்ணு?" என்றார். "எங்க அக்கா" என்றேன். அவர் முகம் தொங்கிப்போனது.

அந்த ஹெச்.ஆர். குரலுக்குச் சொந்தக்காரர், உன் முன்னாள் டீம் லீடர் கிருபாகரன், இனி இக்கடிதங்களில் 'கிருமி' என்று அழைக்கப்படுவார், தினமும் சாயங்காலம் தண்ணி கேன் கடைக்கு எதிரே வந்து நிற்கிறார். நீ ஊரில் இல்லை என்று தெரிந்தும் நிற்கிறார். கடைக்கார வெற்றிவேல் அண்ணன் என்னைக் கூப்பிட்டு, "இன்னா தம்பி, உங்க வூட்டாண்ட ஒர்த்தன் டெய்லி நின்னுகினு கீறான், சிம் கார்டு விக்கிறவனா?" என்றார். அப்பா இரண்டு தடவை ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தாயிற்று. வந்து பார்க்கிறோம் என்கிறார்கள்.

நீ கவலைப்படாதே. வீட்டில் ஆம்பளை இருக்கிறான். மீசையோடு.

இப்படிக்கு,
தம்பி வத்ஸு


பாளையங்கோட்டை
16 ஜூன் 2025

அன்பு வத்ஸு,

உன் பதினொரு முடிக்கும் என் ஆசீர்வாதம். சித்திக்குப் படித்துக் காட்டினேன். அடுப்பில் ரசம் பொங்கி வழியும்வரை சிரித்தாள். நானும் சிரித்தேன், மூன்று மாதம் கழித்து.

ஆனால் கிருமி என்று எழுதாதே. கிருமி என்றால் மருந்து இருக்கிறது என்று தோன்றிவிடும். ஆபீஸில் நாங்களும் அவனை வேடிக்கையாகத்தான் பார்த்தோம். என் ஷிப்டை அவன் ஷிப்டோடு சேர்த்துப் போட்டுக்கொண்டான். நான் லீவு போட்ட நாளில் என் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டான். என் டிபன் பாக்ஸ், நீல மூடி போட்டது, காணாமல் போனது. 'ட்ரீட் எப்போ' என்று எல்லோரும் கிண்டல் செய்தார்கள். சானடோரியம் ரயில்வே ஸ்டேஷன் படிக்கட்டில், பிளேடைத் தன் மணிக்கட்டில் வைத்துக்கொண்டு "ஒரே ஒரு பதில் சொல்லு, போதும்" என்று நின்றானே, அன்றைக்குத்தான் யாரும் சிரிக்கவில்லை.

அவனுக்கு வேண்டியது பதில், வத்ஸு. திட்டினால்கூட அது அவனுக்குப் பதில்தான். அதனால்தான் நான் ஒரு எழுத்துகூட அனுப்புவதில்லை.

என் பழைய போன் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. அது உன் பொறுப்பு. ஆன் செய்யாதே. அதில் அவன் அனுப்பிய எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். ஜூலை 18 ஆபீஸ் புகார் கமிட்டி விசாரணைக்கு அதுதான் சாட்சி. சாட்சி சொல்கிறேன் என்ற மூன்று பேரில் இரண்டு பேர் பின்வாங்கிவிட்டார்கள். மிச்சம் என் பக்கத்து சீட் ஈவ்லின் ஒருத்திதான். அவள் நம் வீட்டுக்கு வந்தால் நல்ல காபி கொடுக்கச் சொல்லு. அம்மா பால் குறைத்துவிடுவாள்.

ஒழுங்காகப் படி.

அன்புடன்,
அக்கா


சிட்லபாக்கம்
25 ஜூன் 2025

அன்புள்ள அக்கா,

பரபரப்புச் செய்தி. கிருமி ஒழிப்பு வாரம் மாபெரும் வெற்றி. (மருந்து கிடைத்துவிட்டதால் பெயரை மாற்றவில்லை.)

நம் தெருவில் அவன் நின்று எட்டு நாள் ஆகிறது. வெற்றிவேல் அண்ணனே "எங்கப்பா அந்தாளு, லீவா?" என்று விசாரித்தார். அம்மா மொட்டை மாடியில் தைரியமாக வடாம் போட்டாள். காரணகர்த்தா யார் என்று கேட்கிறாயா? தற்பெருமை எனக்குப் பிடிக்காது. நான்தான்.

தொழில் ரகசியத்தை முழுதாகச் சொல்ல மாட்டேன். கிருமியின் காதுக்கு ஒரு தகவல் போனது என்று வைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு நீ கோவளத்தில், மீன் ஏலம் போடும் இடத்தில் வந்து நிற்பாய் என்று. வெங்காயத்தையே விசாரித்துவிட்டு உள்ளே விடுகிற வீட்டுப் பெண் மீன் ஏலத்துக்கு எதற்கு வருவாள் என்று ஒரு நிமிடம் யோசித்தானா? இல்லை. ஊதாச் சட்டை போட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு வந்து நின்றான். நானும் என் கிளாஸ் விக்கியும் படகுக்குப் பின்னால் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் எனக்கு விலா எலும்பு இடம் மாறிவிட்டது. அவன் நின்ற இடத்தில் ஒரு கிழவி அவனை ஏலத்தில் விட்டிருந்தால்கூட வாங்க ஆளில்லை.

அவ்வளவுதான் அக்கா. பெரிய பூதம் என்று பயந்தோம். ஊதினால் பறக்கிற ஆள். நீ சீக்கிரம் வந்துவிடலாம். உன் கட்டிலில் இப்போது அப்பாவின் இன்கம்டாக்ஸ் பேப்பர்கள் படுத்திருக்கின்றன. காலி செய்யச் சொல்கிறேன்.

வீரன்,
வத்ஸு


பாளையங்கோட்டை
2 ஜூலை 2025

வத்ஸு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தத் தகவல் அவன் காதுக்கு எப்படிப் போனது?

நேற்று ஈவ்லின் சித்திக்கு போன் செய்து என்னிடம் பேசினாள். "இன்னாடி நடக்குது? அந்தாளு ஆபீஸ் ஃபுல்லா ஸ்வீட் குடுத்துகினு கீறான். பேச்சுவார்த்தை முடிஞ்சிச்சாம், நீ திரும்பி வரப் போறியாம். என்கிட்ட வந்து, நீங்க நடுவுல வராதீங்க சிஸ்டர்னு சொல்றான்" என்றாள். அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் ஒரு வார்த்தை பேசாதபோது அவன் யாரிடம் பேசி முடித்தான்?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஒற்றை வார்த்தையில் பதில் எழுது. அந்த போன் ஆஃபில் இருக்கிறதா?

அக்கா


சிட்லபாக்கம்
9 ஜூலை 2025

அன்புள்ள அக்கா,

ஆஃப்.

ஒற்றை வார்த்தை கேட்டாய், கொடுத்துவிட்டேன். இனி இலவச இணைப்பு.

ஏன் எல்லோரும் இப்படிப் பதறுகிறீர்கள் என்று தெரியவில்லை. தெருவில் ஆள் இல்லை. அது போதாதா? பதினெட்டாம் தேதி கமிட்டி, அப்புறம் அவன் வேலை போகும், நீ வருவாய். நடுவில் ஒன்பதே நாள். அதுவரைக்கும் அவன் எங்கேயாவது காத்துக்கொண்டு நின்றால் யாருக்கு நஷ்டம்?

நேற்று ஈவ்லின் அக்கா வந்தார். காபி நன்றாக இருந்தது, நான் நின்று பால் ஊற்ற வைத்தேன். கமிட்டிக்கு எந்தப் புடவை கட்டுவது என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா "காட்டன் கட்டிக்கோடி, அதான் பெரியவா மாதிரி இருக்கும்" என்றாள். பஸ் ஸ்டாப் வரை நான் கூடப் போனேன். "உங்களுக்குப் பயமா இல்லையாக்கா?" என்று கேட்டேன். "பயந்தா? பீர்க்கன்கரணைலேர்ந்து டெய்லி பெருங்களத்தூர் சிக்னல் தாண்டறேன், இவன் இன்னாடா ஜுஜுபி" என்றார். பிறகு "எங்க, மீசைய காட்டு" என்று கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தார். விரலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டார்.

எனக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. கணக்குப் பரீட்சை இருக்கிறது, அதனால் இருக்கும்.

நீ பதினெட்டாம் தேதிக்கு முன்னாலேயே வரலாமே. இன்றைக்கே கிளம்பினாலும் சரி.

வத்ஸு


சிட்லபாக்கம்
17 ஜூலை 2025, காலை

அக்கா,

இதைத் தபாலில் போட நேரமில்லை. நாளை காலை நெல்லை எக்ஸ்பிரஸில் தாம்பரத்தில் இறங்குகிறாய் என்று அப்பா சொன்னார். உன் மேஜைமேல் வைத்துவிட்டுப் போகிறேன்.

டிவியில் சொல்வதைக் கேட்டிருப்பாய். கைதானவனும் ஒரு பெண்ணும் ஒரு மாதமாக மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தார்கள் என்று. அவள்தான் தூண்டிவிட்டாள் என்று யூடியூபில் அந்தச் செய்திக்குக் கீழே ஆயிரம் பேர் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பெண் நீ இல்லை. நான்.

ஜூன் 17 அன்றைக்கு பீரோவைத் திறந்தேன். உன் போனின் பின் நம்பர் என் பிறந்தநாள். வேறு ஏதாவது வைத்திருந்தால் என்னால் திறந்திருக்க முடியாது. உன் எச்சரிக்கைக் கடிதம் இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. அதைப் படித்த பிறகும் நிறுத்தவில்லை. முதலில் அனுப்பியது 'சாப்டீங்களா' மட்டும்தான். ஒரு நிமிடத்தில் நாற்பது பதில் வந்தது. தெருவில் நிற்காதீர்கள் என்றால் நிற்கவில்லை. மேஜிக் மாதிரி இருந்தது. நீ, அப்பா, போலீஸ் யாராலும் முடியாதது என் கட்டைவிரலால் முடிந்தது என்று நினைத்தேன்.

கோவளத்துக்கு விக்கி வரவில்லை. தனியாகத்தான் போனேன். சிரிக்கவும் இல்லை. அவன் பதினொன்றிலிருந்து மூன்று மணிவரை வெயிலில் நின்றான். கையில் உன் டிபன் பாக்ஸ். நீல மூடியைத் திறந்து பார்ப்பான், மூடுவான், திறப்பான். அன்றைக்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் மறுபடி நம் வாசலுக்கு வருவானே என்று பயம். 'கமிட்டி முடியட்டும், வருகிறேன்' என்று அனுப்பி வைத்தேன். 'ஆஃப்' என்று உனக்கு எழுதியபோது அது என் மடியில் சார்ஜில் இருந்தது.

பன்னிரண்டாம் தேதி கேட்டான். 'உன்னை என்னிடம் வரவிடாமல் தடுப்பது யார்? உன் தம்பியா?' தம்பி என்ற வார்த்தையைப் பார்த்ததும் 'ஈவ்லின்' என்று டைப் செய்தேன். 'அவள் விட்டால் வந்துவிடுவேன்' என்றும் சேர்த்தேன். உன்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தேன் என்று மூன்று நாளாக எனக்கே சொல்லிப் பார்க்கிறேன். அது இல்லை. என் பேர் வந்துவிட்டது, அதனால்தான். ஈவ்லின் அக்கா எதற்கும் பயப்பட மாட்டாரே என்றும் நினைத்தேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் பெருங்களத்தூரில் பஸ்ஸிலிருந்து அவர் இறங்கும்போது அவன் கத்தியோடு நின்றிருக்கிறான். கூட்டத்தில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். நேற்று மத்தியானம்வரை ஆஸ்பத்திரியில் உயிர் இருந்தது. நான் வெளியே வராந்தாவில் நின்றேன். அவருடைய அம்மா என்னைப் பார்த்து, "நீதான அந்த மீசைக்காரன், உன்னப் பத்தி வூட்ல சொல்லிக்கினே இருப்பா" என்றார். ஓடி வந்துவிட்டேன்.

இன்று காலை அப்பாவிடம் சொன்னேன். அடிப்பார் என்று நின்றேன். "அந்த போனை எடுத்துண்டு வா, போலாம்" என்றார். என் சட்டைக்கும் சேர்த்து அவரே இஸ்திரி போடுகிறார். பத்து மணிக்கு ஸ்டேஷனுக்குப் போகிறோம். நான் சொல்வதை நம்பவில்லை என்றால், இந்தக் கடிதத்தையும் மற்ற மூன்றையும் இன்ஸ்பெக்டரிடம் கொடு. கையெழுத்து என்னுடையது. உன்மேல் ஒரு சொல்லும் விழக் கூடாது.

ஸ்டேஷனில் என்னை விட்டு, நாளை உன்னை அழைத்துவர தாம்பரத்துக்கு நான் வந்து இதையெல்லாம் சொன்னால், நீ என்னிடம் பையைக் கொடுப்பாயா என்று தெரியவில்லை. ஈவ்லின் அக்காவை நாளை மூன்று மணிக்கு அடக்கம் செய்கிறார்கள். நீ போ. எனக்காகவும் ஏதாவது சொல்லு.

எல்லாவற்றையும் சொல்வதென்று உட்கார்ந்ததால் இதையும் எழுதிவிடுகிறேன். மீசை பொய். உன் டிராயரில் இருந்த ஐப்ரோ பென்சில். ஒரு பக்கம் ஆறு கோடு, இன்னொரு பக்கம் ஐந்து. தினமும் காலையில் வரைந்துகொண்டேன். ஈவ்லின் அக்காவின் கட்டைவிரலில் அன்றைக்குக் கறுப்பாக ஒட்டிக்கொண்டது. அவர் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.

பென்சிலைப் பழைய இடத்திலேயே வைத்திருக்கிறேன்.

வத்ஸு