மாமா சாகிற காட்சி

மார்ச் 4, செவ்வாய்

பதிவு அறைக்குப் போனதும் கதை எழுதுகிற அம்மா உட்காரவைத்துச் சொன்னார். எங்கள் வீடியோ கேமின் மூன்றாம் பாகத்தில் வீரன் பாதியிலேயே செத்துவிடுவானாம். அவன் வாளைத் தோழன் எடுத்துக்கொள்வானாம். அதற்குப் பிறகு ஆடுபவர்களும் தோழனாகத்தான் ஆட வேண்டும்.

வீரனுக்குக் குரல் நான். தோழனுக்கு என் மச்சினன். அவனை அங்கே சேர்த்துவிட்டதும் நான்தான். சொந்தக் காசில் சூனியம்!

"ஆடுறவன்தானேம்மா வீரன்? அவனையே கொன்னா எப்படி?"

"அதனாலதான் வலிக்கும்," என்றார்.

மார்ச் 5

வயிறு எரிகிறது. சாப்பாட்டால் அல்ல.

மார்ச் 9, ஞாயிறு

மச்சினன் சாப்பிட வந்தான். பெரிய மீன் துண்டெல்லாம் அவன் தட்டில். "இவன் குரல் எப்படிக் கனிஞ்சிடுச்சு பாருங்க," என்கிறாள் என் மனைவி. என் குரல் என்ன தகர டப்பாவா?

"நீங்க சாகுறது எனக்கே ஒரு மாதிரி இருக்கு மாமா," என்றபடி அவன் இன்னொரு துண்டை எடுத்தான்.

மார்ச் 12

சாவுப் பதிவு. சரிவரவில்லை. எனக்கா சாகத் தெரியாது? ஆடுபவன் தோற்கும்போதெல்லாம் செத்தது யார்? நெருப்பில், பள்ளத்தில், பூதத்தின் வாயில்...

"அதான் சார் சிக்கல். மறுபடி எழுந்திருக்கப்போறவர் மாதிரியே சாகுறீங்க," என்றார் ஒலிப்பதிவாளர்.

வெள்ளிக்குள் சாவு சரியாக வராவிட்டால் வீரன் காயத்தோடு பிழைத்துக்கொள்வானாம். தோழனுக்கு நாலு வசனம்தான் மிஞ்சும். அப்படியா சங்கதி!

மார்ச் 13

இன்றும் மோசமாகச் செத்தேன். வேண்டுமென்றேதான்.

மார்ச் 14, வெள்ளி

கடைசி முயற்சியாக இருவரையும் ஒரே அறையில் நிறுத்தினார்கள். அவன் கூப்பிட வேண்டும், நான் முனகியபடி நாலு வார்த்தை சொல்லிச் சாக வேண்டும்.

"அண்ணா... எழுந்திருங்கண்ணா."

படுபாவி. எங்கேயிருந்து வந்துச்சு அந்தக் குரல்? எனக்கு ஒருநாளும் அப்படி வராது. பொறாமையில் உடம்பே சூடாகிவிட்டது. திரும்பக் கூப்பிட்டான். உனக்கு நான் பதில் சொல்லணுமா? மாட்டேன் போடா — வாயை இறுக மூடிக்கொண்டேன். மூன்றாவது தடவை அவன் குரல் உடைந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கதை அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"செத்துட்டீங்க சார்! அருமை!" என்றார் ஒலிப்பதிவாளர்.

கெடுக்கப் போய் நானே முடித்துக்கொடுத்துவிட்டேனே.

அக்டோபர் 21

கேம் வெளிவந்துவிட்டது. மனைவி தினமும் ஆடுகிறாள். கோட்டைக் கதவு வரை வந்தாயிற்று. உள்ளே போனால் நான் காலி, அவள் தம்பி ராஜ்ஜியம்.

இன்று அவன் போன் செய்தான். "அக்கா, என் பகுதி வந்துடுச்சா?"

"இன்னும் இல்லடா. எனக்கு எங்க நேரம்?"

புளுகு! ஒரு வாரமாக அந்தக் கதவு முன்னால்தான் வீரனை நிறுத்தி வைத்திருக்கிறாள்.

டிவியை அணைக்காமல் சமையலறைக்குப் போய்விட்டாள். திரையில் வீரன் நின்றபடி மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். என் மூச்சுதான்.